கடலுக்குப் போகும் கணவரும் தரகர் தரும் அட்டையும்

கேள்வி: பழனி மலையில் பண்ணைக்காடு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. என் கணவருக்குக் கடலில் தூண்டில் போடுவதில் அடங்காத ஆசை. மாதம் இரண்டு முறை மலையிறங்கி ராமேஸ்வரம் போய், தெரிந்தவர் ஒருவரின் ஃபைபர் படகில் கடலுக்குச் செல்கிறார். ஒரு பாரை மீன் மாட்டினால் அதைப் பற்றியே ஒரு மாதம் பேசுவார். அவர் வீடு திரும்பும் வரை எனக்குத் தூக்கமில்லை. 15,000 ரூபாய் கொடுத்தால் மீனவர் நலவாரிய அட்டை எடுத்துத் தருவதாகவும், கடலில் ஏதேனும் நேர்ந்தால் குடும்பத்துக்கு 5 லட்சம் கிடைக்கும் என்றும் அங்குள்ள தரகர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? வாங்காவிட்டால் எனக்கும் பிள்ளைகளுக்கும் என்ன பாதுகாப்பு?

பதில்: சகோதரி, அந்த அட்டையை வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அது போனால் போகட்டும்; மீதியைக் கொடுக்காதீர்கள்.

தரகர் சொல்லும் 5 லட்சம் கற்பனை அல்ல என்பதால்தான் இந்தப் பேச்சில் படித்தவர்களும் விழுந்துவிடுகிறார்கள். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் மீனவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு உண்டு; உயிரிழப்புக்கோ நிரந்தர முழு ஊனத்துக்கோ 5 லட்சமும், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சமும் அதில் வழங்கப்படுகின்றன. மீன்பிடித்தலையே பிழைப்பாகக் கொண்டு அரசிடம் பதிவு செய்தவர்களுக்கான திட்டம் அது. அதற்கான பிரீமியம் முழுவதையும் அரசுகளே செலுத்துகின்றன. மீனவர் தம் கையிலிருந்து ஒரு பைசாவும் கட்டுவதில்லை. மீனவருக்கே இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு, மீனவர் அல்லாத உங்கள் கணவரிடம் 15,000 ரூபாய் கேட்கிறார்கள் என்றால், அந்தப் பணம் பொய்யான ஒரு விண்ணப்பத்துக்குத்தான் போகிறது.

அட்டை கைக்கு வந்துவிடவும் கூடும். நம் அலுவலகங்களின் நெடுநாள் நோய் இது: கொடுக்கும்போது எவரும் விசாரிப்பதில்லை, இழப்பீடு கேட்டு நிற்கும்போது எல்லோரும் விசாரிக்கிறார்கள். ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் மலை முகவரி, சிட்டாவில் காப்பித் தோட்டம், கையில் மட்டும் கடலோர மீனவர் அட்டை என்று இருந்தால், கோரிக்கை முதல் மேசையிலேயே நின்றுவிடும். கணவரை இழந்து நிற்கும் நீங்கள், பொய் ஆவணம் கொடுத்த குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அன்றைக்குத் தரகரின் கைபேசி அணைக்கப்பட்டிருக்கும். ராமநாதபுரம் மாவட்டத்தில் வழக்கறிஞராக இருந்த ஆண்டுகளில், ஒரு தரகர்கூட இப்படிப்பட்ட வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறி நான் பார்த்ததில்லை.

அவர் உண்மையில் யாரோ, அந்தப் பெயரிலும் அந்த முகவரியிலும் காப்பீடு எடுங்கள். வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாயில் கிடைக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா, விபத்து மரணத்துக்கு 2 லட்சம் தருகிறது; அது இல்லையென்றால் நாளைக்கே வங்கிக்குப் போய் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல், பெரிய தொகைக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்றும் வேண்டும். அந்த விண்ணப்பத்தில் தொழில் விவசாயம் என்றும், மாதம் இரண்டு முறை படகில் சென்று கடலில் தூண்டில் போடுவது வழக்கம் என்றும் வெளிப்படையாக எழுத வேண்டும். “அதையெல்லாம் எழுதினால் கம்பெனி கேள்வி கேட்கும், விட்டுவிடுங்கள்” என்று சொல்லும் முகவர் தம் கமிஷனைக் காக்கிறாரே தவிர உங்கள் குடும்பத்தைக் காக்கவில்லை. பிரீமியம் சற்றுக் கூடினாலும் கூடட்டும். மறைத்து எடுத்த பாலிசியும் தரகரின் அட்டையைப் போலத்தான், தேவைப்படும் நாளில் உதவாது.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கடலில் ஒருவர் இறந்தால் உடல் எப்போதும் கிடைப்பதில்லை. உடல் இல்லையென்றால் இறப்புச் சான்று எளிதில் வராது. ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி, தகவல் கிடைத்திருக்க வேண்டிய நெருங்கியவர்களுக்கு எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் அவர் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 108ஆம் பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 111ஆம் பிரிவாகத் தொடர்கிறது. “ஒக்கி புயலில் காணாமற்போனவர்களுக்கு உடனே கொடுத்தார்களே” என்று கடற்கரையில் எல்லோரும் சொல்வார்கள்; உங்கள் தரகரும் சொல்லியிருப்பார். 2017 நவம்பர் இறுதியில் வீசிய அந்தப் புயலில் கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. அந்தக் குடும்பங்களை ஏழு ஆண்டுகள் காக்க வைக்காமல் அரசு சிறப்பாக முடிவெடுத்து 20 லட்சம் வழங்கியது. அதுவும் அந்தப் பெண்கள் வீதியில் அமர்ந்து போராடிய பிறகுதான். அது ஒரு பேரிடருக்கு, அதில் சிக்கிய மீனவர்களுக்கு எடுக்கப்பட்ட முடிவு. ஒரு சாதாரண சனிக்கிழமை, ஒற்றைப் படகில், மீனவர் அல்லாத ஒருவர் காணாமற்போனால் அந்த முடிவு அவருக்குப் பொருந்தாது. அதை நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள்.

அந்த ஏழு ஆண்டுகளிலும் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்தை நிறுத்தாமல் கட்டிவர வேண்டும். இறந்தார் என்று மட்டுமே சட்டம் அனுமானிக்கும், எந்த நாளில் இறந்தார் என்பதை அனுமானிக்காது என்று 2004இல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. காணாமற்போன நாளிலேயே இறந்திருப்பார் என்று எண்ணிப் பிரீமியத்தை விட்டவர்களின் பாலிசி, காலாவதியானது காலாவதியானதுதான்.

ஏழு ஆண்டுகள் காத்திராமல் நீதிமன்றத்தை நம்ப வைக்க ஒரு வழிதான் உண்டு: இந்த நாளில், இந்தப் படகில் அவர் ஏறினார், அந்தப் படகுக்கு இது நேர்ந்தது என்பதற்கான சான்று. கொடைக்கானல் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு பெண், கணவர் கடைசியாகப் பயணித்த பேருந்துச் சீட்டை ஒரு பாலிதீன் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். நீதிமன்றத்தில் அதை எடுத்தபோது மை முழுவதும் மங்கி, வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. இயந்திரம் அச்சடிக்கும் அந்தச் சீட்டுகள் சில மாதங்களுக்குக்கூடத் தாங்குவதில்லை. ஆகவே உங்கள் கணவர் ஒவ்வொரு முறையும் படகின் பக்கவாட்டில் எழுதியுள்ள பதிவு எண் தெரியும்படி, தாமும் உயிர்காப்பு அங்கியோடு நின்று ஒரு படம் எடுத்து, உடன் வருபவர்களின் பெயர்களையும் திரும்பும் நேரத்தையும் சேர்த்து உங்கள் கைபேசிக்கு அனுப்ப வேண்டும். அதை நீங்கள் வேறொருவருக்கும் அனுப்பி வையுங்கள். பதிவு எண் இல்லாத படகென்றால் அதில் ஏறவே கூடாது. மீன்பிடி உரிமம் என்பது கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றுவதற்கான உரிமம் அல்ல என்பதையும் அவர் மனத்தில் கொள்ள வேண்டும்.

இந்தக் காரணத்துக்காகவே, போகாதே என்று சண்டை பிடிக்க வேண்டாம் என்பேன். தோட்டத்து மருந்து வாங்க வத்தலக்குண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போகும் கணவருக்கு எந்தச் சான்றும் இருக்காது.

குறித்த நேரம் கடந்தும் தகவல் இல்லையென்றால், விடியட்டும் என்று காத்திராமல் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழையுங்கள். அடுத்து, உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலேயே எழுத்தில் புகார் கொடுங்கள். “கடலில் நடந்தது, ராமேஸ்வரம் போங்கள்” என்று அலைக்கழிப்பார்கள். இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேலான தொலைவை ஒரு பெண் இரவில் எப்படிக் கடப்பாள் என்று யாரும் யோசிப்பதில்லை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சிஎஸ்ஆர் ரசீதைக் கையில் வாங்காமல் அந்த வாசலை விட்டு நகராதீர்கள். பின்னாளில் காப்பீட்டு நிறுவனமும் நீதிமன்றமும் முதலில் பார்ப்பது அதிலுள்ள தேதியைத்தான்.