வகைக்கு ஒரு படம்

கேள்வி: நகைச்சுவை, திகில், துப்பறியும் கதை, காதல், போர், குடும்பக் கதை என்று வகைக்கு ஒன்றாக உங்களுக்குப் பிடித்த படங்களைச் சொல்லுங்கள். இரண்டே நிபந்தனைகள்: கறுப்பு வெள்ளைப் படம் வேண்டாம், சப்டைட்டில் படித்துப் பார்க்கவேண்டிய படமும் வேண்டாம். 'ரசனை ஆளுக்கு ஆள் மாறும்' என்று நழுவிவிடாதீர்கள்.

பதில்: நழுவமாட்டேன். ஆனால் உங்கள் இரண்டு நிபந்தனைகளையும் இங்கேயே தள்ளுபடி செய்துவிடுகிறேன். கறுப்பு வெள்ளை வேண்டாம் என்றால் சினிமாவின் முதல் பாதி ஆயுளில் பெரும்பகுதி கைவிட்டுப் போகும். சப்டைட்டில் வேண்டாம் என்றால் மிச்சத்தில் பெரும்பகுதியும் போகும். சப்டைட்டில் என்ற ஓர் அங்குலத் தடையைத் தாண்டினால் எத்தனையோ நல்ல படங்கள் காத்திருக்கின்றன என்று 2020-இல் கோல்டன் குளோப் மேடையில் தென்கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோ அமெரிக்கர்களைப் பார்த்துச் சொன்னார். உங்களுக்கும் அது பொருந்தும்.

எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் 'இதைவிட்டு அதைச் சொன்னது ஏன்?' என்று அடுத்த வாரம் கடிதம் வரும். ஒவ்வொரு வகைக்கும் எளிதான கைமுதல் ஒன்று உண்டு. திகில் படத்துக்குப் பேயோ மிருகமோ. நகைச்சுவைக்கு வசனம். காதலுக்குத் தழுவல். துப்பறியும் கதைக்குக் கடைசியில் மாட்டிக்கொள்ளும் குற்றவாளி. போர்ப்படத்துக்குப் பீரங்கி. சுமாரான இயக்குநர் இந்தக் கைமுதலை முதல் அரைமணி நேரத்திலேயே செலவழித்துவிட்டு, மீதிப் படத்துக்குப் பின்னணி இசைக்காரரிடம் கடன் கேட்கிறார். கைமுதலைத் தொடாமலே வியாபாரத்தை நடத்திக் காட்டியவர்களின் படங்களே எனக்குப் பிடித்தவை.

துப்பறியும் கதையில் உங்கள் முதல் நிபந்தனை உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் வைத்திருக்கும் என்று பாருங்கள். 1954-இல் ஏவி.எம். தயாரித்து, எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்'. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், ஜப்பானியக் குண்டுக்கு அஞ்சிக்கொண்டிருந்த சென்னையில் நடக்கிற கதை. படம் தொடங்கியதுமே கதாநாயகன் சுடப்பட்டுச் சாகிறான். அந்தக் கதாநாயகன் சிவாஜி கணேசன். படத்துக்குப் பத்துப் பாட்டாவது இருந்த காலத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. நடனமும் இல்லை, சண்டையும் இல்லை. இத்தனைக்கும் பாலச்சந்தர் சாதாரண ஆள் இல்லை, வீணையில் கொடிகட்டிப் பறந்தவர். பாட்டுப் போடத் தெரியாதவர் பாட்டை விலக்குவதில் என்ன பெருமை இருக்கிறது? தெரிந்தவர் விலக்கினாரே, அதுதான் விஷயம். விசாரணையில் ஒவ்வொருவரும் இறந்தவனைப் பற்றித் தத்தம் கதையைச் சொல்லச் சொல்ல, ஒரே முகம் ஒவ்வொரு கதையிலும் வேறொரு ஆளாக மாறுகிறது. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) படத்தோடு இதை ஒப்பிடுவது வழக்கம். அது விடையைத் தராமல் விடுகிறது. 'அந்த நாள்' விடையைக் கொடுத்து, அந்த விடையால் நம்மைச் சங்கடப்படுத்துகிறது. வெளிவந்தபோது வசூலில் சோபிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டு எங்கே என்று கேட்ட ரசிகர்களும் ஒருவகையில் நிபந்தனை போட்டவர்கள்தான்.

இதே வகையில் குற்றவாளியே கிடைக்காத படம் ஒன்றும் உண்டு. போங் ஜூன்-ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003). முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபப்படாதீர்கள். 1986 முதல் 1991 வரை தென்கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் நடந்த உண்மைக் கொலைகளின் கதை இது. படம் எடுத்தபோது கொலையாளி யார் என்று ஊருக்கே தெரியாது. கடைசிக் காட்சியில் துப்பறிபவன் நேராகக் கேமராவைப் பார்க்கிறான், அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவன் கொலையாளியாக இருக்கலாம் என்பதுபோல. 2019-இல் டி.என்.ஏ. சோதனை ஆளைக் காட்டிக்கொடுத்தது. வேறொரு கொலைக்காக அவன் பல ஆண்டுகளாகச் சிறையில் இருந்தான்.

நீங்கள் கேட்காத வகை ஒன்று: நீதிமன்றப் படம். நம் படங்களில் நீதிமன்றம் என்றாலே வக்கீல் கூண்டைத் தட்டிப் பேசவேண்டும். சிட்னி லூமெட்டின் முதல் படமான '12 ஆங்ரி மென்' (1957) வக்கீல்களைக் காட்டுவதே இல்லை. வழக்கு முடிந்துவிட்டது, தீர்ப்புச் சொல்லவேண்டிய பொதுமக்களான ஜூரிகள் பன்னிரண்டு பேர் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். 96 நிமிடப் படத்தில் ஏறக்குறைய முழுவதும் அந்த அறைதான். போகப்போக அறை சுருங்குவதுபோல் நமக்கு மூச்சு முட்டும். அது பிரமை இல்லை; லூமெட் திட்டமிட்டுச் செய்தது. தொடக்கத்தில் கேமரா கண்மட்டத்துக்கு மேலே இருக்கும், பிறகு கண்மட்டத்துக்கு வரும், கடைசியில் அதற்கும் கீழே போய்விடும். லென்சுகளையும் நீளமானவையாக மாற்றிக்கொண்டே போனார். அதனால் சுவர்கள் நெருங்கி வருகின்றன, கூரைகூடத் தலைக்கு மேல் தெரியத் தொடங்குகிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தாலும் மூச்சு முட்டத்தான் செய்கிறது. இதுவும் கறுப்பு வெள்ளைதான். வண்ணத்தில் எடுத்திருந்தால் நம் கண் யாருடைய கழுத்துப்பட்டையின் மேலாவது போய் உட்கார்ந்திருக்கும்.

திகிலுக்கு ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975). இதில் கைமுதலைத் தொடாமல் விட்டதற்குப் பாதிக் காரணம் விபத்து. படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா கடல்நீரில் இறங்கியதும் அடிக்கடி மக்கர் செய்தது. சுறாவைக் காட்ட முடியாமல்போன இயக்குநர் தண்ணீரையும், மிதக்கும் பீப்பாய்களையும், ஜான் வில்லியம்ஸின் இரண்டே ஸ்வரங்களையும் காட்டினார். ஒரு மணி நேரம் வரை சுறா ஒழுங்காகக் கண்ணில் படாது. கணினியில் விரும்பியபோதெல்லாம் சுறாவை வரவழைக்க முடிகிற இன்றைய இயக்குநர்களின் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு.

இதைத் தமிழில் அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே, அதுவும் ஒரு நகைச்சுவைப் படத்தில் செய்துவிட்டார்கள். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964). படம் எடுக்கத் துடிக்கும் நாகேஷ், தந்தையாக வரும் பாலையாவுக்குத் திகில் கதை ஒன்றைச் சொல்கிறார். வேறு எதுவும் நடக்கவில்லை. சத்தங்கள் எல்லாம் நாகேஷின் வாயிலிருந்தே வருகின்றன. நாம் பார்ப்பது பெரும்பாலும் பாலையாவின் முகத்தை. தமிழில் மிகச் சிறந்த பேய்க்காட்சி எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். வண்ணப்படம், சப்டைட்டிலும் தேவையில்லை, ஆகவே உங்கள் வீட்டில் தடையின்றி நுழையும்.

ஆனாலும் நகைச்சுவைக்கு ஒன்றே ஒன்று என்றால் சிங்கீதம் சீனிவாச ராவின் 'பேசும் படம்' (1987). கமல்ஹாசன், அமலா நடித்தது. முழுப்படத்திலும் ஒரு வசனம்கூடக் கிடையாது. ஊமைப்படமும் இல்லை, எல்லாச் சத்தமும் கேட்கிறது, மனிதர்கள் பேசுவதைத் தவிர. பனிக்கட்டியில் கத்தி செய்து கொல்லக் கிளம்பும் கூலிக்கொலையாளி ஒருவன் இதில் வருகிறான். ஆயுதம் உருகுவதற்குள் வேலை முடியவேண்டும். இந்த ஒரு வரியை எழுதிவிட்டு மற்ற நகைச்சுவை எழுத்தாளர்கள் ஓய்வு பெற்றிருக்கலாம்.

காதலுக்கு வோங் கார்-வாயின் 'இன் த மூட் ஃபார் லவ்' (2000). ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். அவன் மனைவியும் இவள் கணவனும் தங்களுக்குள் உறவு கொண்டிருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். துரோகம் செய்த அந்த இருவரின் முகமும் கடைசி வரை காட்டப்படுவதில்லை. நாம் அவர்களைப் போல ஆகிவிடக்கூடாது என்று மற்ற இருவரும் வைராக்கியமாக இருக்கிறார்கள். மேலே சொன்னால் வீணாகிவிடும்.

குடும்பக் கதைக்கு மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979). புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து எடுத்தது. கதாநாயகனே வில்லன், ஆனால் உறுமுவதில்லை, கண்ணை உருட்டுவதில்லை. தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே சுற்றியிருப்பவர்களைச் சித்திரவதை செய்கிறான். வசனம் முழங்கிய 'தங்கப்பதக்கம்' (1974) படத்தின் கதை வசனத்தை எழுதியவரும் இதே மகேந்திரன்தான் என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள். கைவந்த வித்தையை அவர் எவ்வளவு ஈவிரக்கமின்றி ஒதுக்கியிருக்கிறார் என்பது விளங்கும்.

போர்ப்படம் ஒன்று பாக்கி. இசாவோ தகஹாதாவின் 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்' (1988). அனிமேஷன் என்பதால் குழந்தைகளுக்கான படம் என்று நினைத்து வீட்டில் போட்டுவிடாதீர்கள். போர்க்களமே இதில் இல்லை. 1945-இல் கோபே நகரின் மேல் குண்டுகள் விழுந்த பிறகு ஒரு சிறுவனும் அவன் தங்கையும் பசியோடு எப்படி நாட்களைத் தள்ளுகிறார்கள் என்பதுதான் கதை. சிறுவன் இறந்துவிடுவான் என்பதை முதல் காட்சியே சொல்லிவிடுகிறது, ஆகவே நம்பிக்கை என்ற கைமுதலும் கிடையாது. ஜப்பானில் இதை மியசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ'வோடு சேர்த்து ஒரே காட்சியாக வெளியிட்டார்கள். டோட்டோரோவைவிடக் களிப்பான குழந்தைப்படம் எனக்குத் தெரிந்து இல்லை. நீங்களும் இரண்டையும் ஒரே மாலையில் பார்ப்பதானால் தகஹாதாவை முதலில் பாருங்கள், டோட்டோரோவைப் பிறகு. மாற்றிப் பார்த்தால் இரவு தூக்கம் வராது. அதற்கு என்னிடம் புகார் செய்யக்கூடாது.