மூளை அலையில் இசை வேண்டுமா? முதலில் கண்ணை மூடுங்கள்

கேள்வி: நெற்றியில் கட்டும் ஈஈஜி பட்டை (மூளையின் மின் அலைகளை அளப்பது) ஒன்று வாங்கி லேப்டாப்பில் இணைத்திருக்கிறேன். மனசுக்குள் ஒரு பாட்டை நினைத்தாலும் வெறும் இரைச்சல்தான் வருகிறது. எங்கே தவறு?

மனசுக்குள் ஓடும் மெட்டு அந்தப் பட்டைக்குத் தெரியாது. மண்டையோட்டையும் தோலையும் தாண்டி வந்து சேருவது லட்சக்கணக்கான நரம்பணுக்களின் மொத்தக் கூச்சல், அதுவும் சில பத்து மைக்ரோவோல்ட் அளவில்தான். அதில் ஸ்வரம் தேட முடியாது. ஆனால் ஒன்றை நன்றாகப் பார்க்கலாம்: கண்ணை மூடி அமைதியாக இருந்தால் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை துடிப்பு) வரையுள்ள ஆல்ஃபா அலை எழும், கண்ணைத் திறந்தால் அடங்கிவிடும்.

1965இல் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் இதை மட்டுமே வைத்து ஒரு கச்சேரியே செய்தார். தலையில் எலக்ட்ரோடுகளோடு கண்ணை மூடி உட்கார்ந்தார், பெருக்கப்பட்ட ஆல்ஃபா அலை ஸ்பீக்கர்களுக்குப் போனது. 10 ஹெர்ட்ஸ் நம் காதுக்குக் கேட்காது, ஆனால் ஸ்பீக்கரின் கூம்பு அசையும் இல்லையா, அந்த அசைவில் பக்கத்தில் வைத்திருந்த முரசுகளும் தாளங்களும் தானாக அதிர்ந்தன. எனக்கு இன்றைக்கும் இதைவிட அழகான பாடம் வேறில்லை, மெட்டு எதையும் நினைக்காமலே அவர் இசை செய்தார்.

உங்கள் இரைச்சலில் பாதி மூளையிலிருந்து வருவதே இல்லை. தாடையை இறுக்கினால், கண் சிமிட்டினால், மூளை அலையைவிடப் பெரிய மின்துடிப்பு வரும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் சேர்ந்துகொள்ளும், அதனால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள் (பட்டைக்குப் பதில் லேப்டாப்போடு வயரில் இணையும் சர்க்யூட் போர்டு என்றால் பாதுகாப்புக்காகவும் இது கட்டாயம்). நெற்றியையும் காதுக்குப் பின்புறத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பட்டையைக் கட்டுங்கள்.

அப்புறம், கண் திறந்து ஒரு நிமிடம், மூடி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். இரண்டிலும் ஆல்ஃபாவின் வலிமை எவ்வளவு என்று பார்த்து, குறைந்ததை 0, கூடியதை 127 என்று மிடி (கணினியும் இசைக்கருவியும் பேசிக்கொள்ளும் மொழி) எண்களாக மாற்றுங்கள்; ப்யூர் டேட்டா என்ற இலவச மென்பொருளே போதும். அந்த எண்ணை ஸ்வரத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள், நொடிக்கு நொடி தாவித் தலைவலி தரும். ஒரு தம்புரா சுருதியின் ஒலியளவுக்குக் கொடுங்கள். இரண்டு நொடி சராசரி எடுத்தால் ஒலி கொஞ்சம் தாமதமாக வரும், ஆனால் கண்ணை மூடியதும் சுருதி மெல்ல எழுவதை நீங்களே கேட்கலாம்.

ஸ்வரத்தை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் வழி வேறு. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பாளரும் ஆய்வாளருமான எட்வர்டோ மிராண்டாவின் குழு திரையில் வெவ்வேறு வேகத்தில் மினுக்கும் படங்களை வைத்தது, எதை உற்றுப் பார்க்கிறோமோ அந்த வேகம் மூளை அலையிலும் தெரியும். கை கால் அசைக்க முடியாதவர்கள் இப்படி இசைத் துணுக்குகளைத் தேர்ந்தெடுக்க, வயலின், வயோலா, செல்லோ கொண்ட நால்வர் குழு உடனே வாசித்தது. வீட்டில் யாருக்காவது வலிப்பு உண்டென்றால் இந்த மினுக்கும் திரையை மட்டும் தொடாதீர்கள்.