அளந்த புலத்திலிருந்து ஆண்டெனா கோளாறைப் பிடிப்பது: கேள்வி பதில்

கேள்வி: 10 கிகாஹெர்ட்ஸில் 64 உறுப்பு அரே (பல சிறு ஆண்டெனாக்கள் சேர்ந்து ஒன்றாக இயங்குவது). ஓர் உறுப்பு வேலை செய்யவில்லை என்று சந்தேகம். ஃபார் ஃபீல்டு பேட்டர்னிலேயே (தொலைவில் எந்தத் திசையில் எவ்வளவு கதிர்வீச்சு என்ற படம்) தெரியாதா சார்?

மெயின் பீமில், அதாவது முதன்மைக் கதிரில், தெரியாது. 64-ல் ஒன்று போனால் உச்சியில் சுமார் 0.14 டெசிபெல்தான் குறையும். அளவீட்டுப் பிழையிலேயே அது மறைந்துவிடும். சைடு லோப் (மற்ற திசைகளில் போகும் சிறு கதிர்கள்) மாறும், ஆனால் எந்த உறுப்பு என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. ஆண்டெனாவுக்கு அருகில் ப்ரோபை (புலத்தை அளக்கும் சிறு ஆண்டெனா) ஓட்டி, புலத்தின் வீச்சு, ஃபேஸ் (அலையின் கட்டம்) இரண்டையும் எடுங்கள். எந்த மின்னோட்டம் ஓடினால் இந்தப் புலம் வரும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டால், அந்த உறுப்பு இருக்கும் இடத்தில் மட்டும் வீச்சு சரிந்திருப்பது தெரியும்.

கேள்வி: அந்தப் பின்னோக்கிய கணக்குக்கு ஃபூரியே மாற்றம் (அலையைக் கூறுகளாகப் பிரிக்கும் கணித முறை) போதாதா?

தட்டையான முகத்துக்குப் பல நேரம் போதும். டிஷ்ஷின் பரப்பு எங்கே பிசகியிருக்கிறது என்று பார்க்க வானொலி வானியலாளர்கள் ஸ்காட்டும் ரைலும் 1977-லேயே இந்த வழியைக் காட்டினார்கள். ஆனால் அதன் நுணுக்கம் அரை அலைநீளத்தோடு நின்றுவிடும். உங்களுக்கு அது 15 மில்லிமீட்டர். உறுப்புகளும் அதே இடைவெளியில் இருந்தால் பக்கத்து உறுப்போடு கலந்துவிடும். வளைந்த உடலை ஒட்டிய பரப்பில் சமான மின்னோட்டத்தை (வெளியே அதே புலத்தைத் தரும் கற்பனை மின்னோட்டம்) தேடும்போது, மூலம் எங்கே இருக்கிறது என்ற தகவலும் கணக்கில் சேர்கிறது. சிக்னல் சுத்தமாக இருந்தால் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம்.

கேள்வி: முழுக் கோள ஸ்கேன் எடுத்தேன். கணக்கிட்ட புலம் அளந்ததோடு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் ஆண்டெனாவின் பின்பக்கம் பெரிய மின்னோட்டம் தெரிகிறது. நம்பலாமா?

புலம் பொருந்துவதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். வெளியே ஒரே புலத்தைத் தரும் மின், காந்த மின்னோட்ட ஜோடிகள் எண்ணற்றவை. பரப்புக்கு உள்ளே புலம் சுழி என்ற, கணிதவியலாளர் லவ் (1901) பெயரிலான நிபந்தனையைச் சேர்த்தால்தான், கிடைக்கும் மின்னோட்டம் அந்தப் பரப்பிலுள்ள உண்மையான தொடுபுலத்தை (பரப்பை ஒட்டிய திசையில் உள்ள புலக்கூறு) குறிக்கும். அது இல்லாத படத்தைக் காட்டிக் கோளாறு இங்கே என்று சொல்வது தவறு.

அப்புறம், இடரேஷனை (தீர்வைப் படிப்படியாகத் திருத்தும் சுற்றுகள்) எங்கே நிறுத்தினீர்கள்? எச்சப் பிழை (அளந்த புலத்துக்கும் கணக்கிட்டதற்கும் உள்ள வித்தியாசம்) இரைச்சல் அளவுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். அதற்கு மேலே ஓடினால் இரைச்சலே மின்னோட்டமாகப் படத்தில் ஏறும்.

ஃபீடு கேபிளையும் பாருங்கள். அதன் வெளி உறையில் மின்னோட்டம் ஓடி, உங்கள் பெட்டி, அதாவது மின்னோட்டத்தைத் தேடும் மூடிய பரப்பு, கனெக்டரோடு முடிந்திருந்தால், கேபிளின் கதிர்வீச்சு முழுவதும் பெட்டியின் பின்முகத்தில் வந்து விழும். உங்கள் சந்தேகத்துக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். கேபிளில் ஃபெரைட் (உறை மின்னோட்டத்தைத் தடுக்கும் காந்தப் பொருள்) மாட்டி மறுபடி அளங்கள். படம் மாறினால் குற்றவாளி கேபிள்.

கேள்வி: ஃபேஸ் எடுக்க வசதியில்லை. வீச்சு மட்டும் போதுமா?

இரண்டு தூரங்களில் அளந்து ஃபேஸை மீட்கலாம். ஆனால் கணக்கு நேரியலாக இருக்காது, தவறான தீர்விலும் போய் நிற்கும். கோளாறு தேடுவதற்கு ஃபேஸ் அளக்கும் வசதியை எப்படியாவது ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: ப்ரோபின் இடம் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்?

அலைநீளம் 30 மில்லிமீட்டர் என்பதால், ஆண்டெனாவை நோக்கி 1 மில்லிமீட்டர் தள்ளினாலே ஃபேஸில் 12 டிகிரி பிசகும். ஸ்கேன் முடிந்ததும் தொடங்கிய புள்ளிக்குத் திரும்பி வந்து ஒருமுறை அளங்கள். ஃபேஸ் மாறியிருந்தால் கேபிள் வளைவையும் அறை வெப்பத்தையும் சரிபார்த்துவிட்டு மறுபடி ஸ்கேன் எடுங்கள்.