படம் சுத்தமாக வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமா?

போன ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில், மூளை ஸ்கேன் பற்றிப் பேச உட்கார்ந்தோம். நான் இருபத்தாறு வருடம் எம்.ஆர்.ஐ. அறையில் ரேடியோகிராபராக இருந்தவள். கடைசி எட்டு வருடம் மூளை ஆய்வுக்காகப் படம் எடுத்தேன். மருத்துவர் இல்லை, அதனால் மருந்து பற்றிச் சொல்ல மாட்டேன். அன்று நேரம் போதவில்லை. சீட்டில் எழுதிக் கொடுத்தவர்களுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கேள்வி: அக்கா, என் தம்பிக்கு வயது 23. நாலு மாதமாக யாரோ பேசுகிற குரல் கேட்கிறது என்கிறான். வேலைக்குப் போவதில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தோம், "நார்மல்" என்று வந்தது. "மூளையில் ஒன்றுமில்லை, நடிக்கிறான்" என்கிறார் அப்பா. பெரியம்மா செய்வினை என்கிறார். என்ன செய்வது?

தங்கச்சி, இந்தப் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அந்தப் படத்தை வைத்துத் தம்பி நடிக்கிறான் என்று உலகத்தில் எந்த நிபுணராலும் சொல்ல முடியாது.

மருத்துவர் எம்.ஆர்.ஐ. எழுதியது குரலைப் படம் பிடிக்க அல்ல. கட்டி, மூளை அழற்சி, இரத்தக் கசிவு மாதிரி வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். "நார்மல்" என்றால் அவை தென்படவில்லை, அவ்வளவுதான். மனநோய் இல்லை என்று அந்தத் தாள் சொல்லவில்லை.

மனநோய் மூளையில் தடயம் விடுவதே இல்லையா என்றால், விடுகிறது. 1976-இல் இங்கிலாந்தில் ஈவ் ஜான்ஸ்டனும் அவருடைய குழுவினரும் இல்லாத குரல் கேட்பது போன்ற அறிகுறிகள் உள்ள ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோயில் நீண்ட நாள் இருந்தவர்களைச் சி.டி. ஸ்கேனில் பார்த்தார்கள். மூளைக்குள் நீர் நிற்கும் அறைகள் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தன. பிறகு எத்தனையோ ஆய்வுகள் அதையே கண்டன. ஆனால் அது கூட்டத்தின் சராசரி. தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இது எளிதாகப் புரியும். இரண்டு செம்பனைக் காடுகளில் ஒன்றில் குலையின் சராசரி எடை கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரியிலிருந்து ஒரே ஒரு குலையை இறக்கி, எந்தக் காட்டுக் குலை என்று கேட்டால் சொல்ல முடியுமா? தம்பியின் படமும் அந்த ஒரு குலைதான். நோய் உள்ளவர்களில் பலருடைய மூளைப் படம் நம்முடையதைப் போலவே இருக்கும்.

இன்றைக்கும் இந்த நோயை மருத்துவர் கண்டுபிடிப்பது உட்கார்ந்து பேசி, கேட்டு, வீட்டாரிடம் விசாரித்துத்தான். அது பழைய முறை என்று நினைக்காதீர்கள். அதைவிட நல்ல முறை இன்னும் வரவில்லை.

அப்புறம், நம் ஊரில் ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்பார்கள். 1911-இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனை இங்கிருந்து கொஞ்ச தூரம்தான். அந்த ஒரு வசவுக்குப் பயந்தே எத்தனை குடும்பங்கள் வருடக்கணக்கில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருந்தன என்று எனக்குத் தெரியும். மருத்துவம் தொடங்கத் தாமதமாக ஆக, குணம் காண்பதும் கடினமாகிறது. நாலு மாதம் என்பது இன்னும் நல்ல நேரம். கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசு சுகாதார நிலையத்தில், மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். சாகிற பேச்சு பேசினால் கடிதத்துக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பெரியம்மா பூசை செய்யட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பூசைக்காக மருத்துவர் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்தால் கதிர்வீச்சு ஏறுமா?

ஏறாது. அதில் எக்ஸ்ரே இல்லை. காந்தமும் ரேடியோ அலையும் மட்டுமே. உடம்புத் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களை ரேடியோ அலையால் தட்டி, அவை திருப்பித் தரும் சமிக்ஞையைப் படமாக்குகிறோம். காந்த வலிமையை டெஸ்லா என்ற அலகில் அளப்போம்; சாதாரண 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு. பால் லாட்டர்பரும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் இதற்காக 2003-இல் நோபல் பரிசு பெற்றார்கள். சி.டி. வேறு, அது எக்ஸ்ரே. தலைக்கு ஒரு தடவை எடுத்தால் கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). தேவைக்கு எடுத்தால் பயப்படும் அளவு இல்லை. பக்கவாதம் வந்தவருக்கு முதலில் சி.டி.தான் எடுப்பார்கள். இரத்தக் கசிவா, அடைப்பா என்று சில நிமிடங்களில் சொல்லிவிடும். அங்கே போய் "எம்.ஆர்.ஐ. எடுங்கள்" என்று வாதாட வேண்டாம்.

கேள்வி: தாலியைக் கழற்றச் சொன்னார்கள். கட்டாயமா?

ஆமாம் அம்மா. தங்கம் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் தலைக்கு அருகில் உலோகம் இருந்தால் படம் கெடும், சூடேறவும் கூடும். முதல் நாளே தாலியை எடுத்து வைத்துவிட்டு மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு வாருங்கள். கயிறு உள்ளே வரலாம். அரைஞாண், மெட்டி, தகடு வைத்த தாயத்து எல்லாம் வெளியே.

இதைவிட முக்கியமான ஒன்று. ஆலையில் வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் பட்டிருந்தால், முப்பது வருடம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். காந்தம் அந்தத் துகளை இழுத்தால் கண் போய்விடும். முதலில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். முகத்தில் சூசுக் ஊசி (அழகுக்காகவும் அதிர்ஷ்டத்துக்காகவும் தோலுக்குள் வைக்கும் சின்ன ஊசி) வைத்திருப்பவர்களும் சொல்லிவிடுங்கள். நாங்கள் யாரிடமும் போய்ச் சொல்வதில்லை.

கேள்வி: மகளுக்கு 14 வயது. இழுப்பு (வலிப்பு) வருகிறது. ஈ.ஈ.ஜி.யும் நார்மல், எம்.ஆர்.ஐ.யும் நார்மல். மாமியார் கையில் இரும்புச் சாவி கொடுக்கச் சொல்கிறார்.

சாவி வேண்டாம் ஐயா. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் போனால் அவசர எண் 999-ஐ அழையுங்கள். முடிந்தால் ஒருவர் கைப்பேசியில் வீடியோ எடுக்கட்டும். எங்கள் இயந்திரங்கள் காட்டாததைச் சில சமயம் அந்த வீடியோ மருத்துவருக்குக் காட்டிவிடும்.

ஈ.ஈ.ஜி. என்பது மண்டைத் தோலில் கம்பி ஒட்டி மின்னலையைக் கேட்பது. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதன்முதலாக மனிதரிடம் பதிவு செய்தார். அரை மணி நேரப் பதிவில் இழுப்பு வராவிட்டால் ஒன்றும் தெரியாமல் போகலாம். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் ஈ.ஈ.ஜி. சுத்தமாகவே வரும். இரவு தூங்க விடாமல் மறுநாள் எடுத்தால் பிடிபட வாய்ப்பு அதிகம். எம்.ஆர்.ஐ.யிலும் பொதுவான தலைப் படம் வேறு, வலிப்புக்கென்று மெல்லிய துண்டுகளாக எடுப்பது வேறு. மறுபடி எழுதினால் "வலிப்புக்கான முறையில் எடுப்பார்களா, 3 டெஸ்லாவில் கிடைக்குமா" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மருந்துக்கு அடங்காமல், அறுவை பற்றிப் பேச்சு வந்தால், எம்.இ.ஜி. என்று ஒன்று உண்டு. மூளையின் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தத்தை வெளியிலிருந்தே அளப்பது. பூமியின் காந்தத்தில் ஏறக்குறைய நூறு கோடியில் ஒரு பங்கு, அவ்வளவு மெல்லியது. கிளந்தானில் குபாங் கெரியான் பல்கலைக்கழக மருத்துவமனையில் இந்தக் கருவி இருக்கிறது. பழைய வகைக்குத் திரவ ஹீலியம் வேண்டும், தலையை அசைக்கவே கூடாது. 2018-இல் நாட்டிங்ஹாமிலும் லண்டனிலும் இருந்த ஆய்வாளர்கள் தலைக்கவசம் மாதிரி மாட்டிக்கொண்டு அசையக்கூடிய ஒன்றைச் செய்து காட்டினார்கள். இழுப்பு வரும் சின்னப் பிள்ளைகளைப் படம் எடுக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேள்வி: ஸ்கேனில் ஒருவர் நினைப்பதைப் படித்துவிடலாமாமே?

எஃப்.எம்.ஆர்.ஐ.யைச் சொல்கிறீர்கள். மூளையில் வேலை செய்யும் இடத்துக்கு ஆக்ஸிஜன் நிறைந்த இரத்தம் கூடுதலாகப் போகும். அந்த மாற்றம் காந்தத்தில் தெரியும் என்று 1990-இல் செய்ஜி ஒகாவா காட்டினார். இரத்தம் மெதுவாகத்தான் வரும், நினைப்பு தோன்றி நாலைந்து விநாடி கழித்துத்தான் சமிக்ஞை உச்சம் தொடும். வண்ணப் புள்ளிகளை அப்படியே நம்பவும் கூடாது. 2009-இல் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேன் செய்து, கணக்கைச் சரியாகப் போடாவிட்டால் அதன் மூளையும் "வேலை செய்வதாக" வரும் என்று காட்டினார்கள்.

ஆனால் இதே கருவியால்தான் 2006-இல் ஏட்ரியன் ஓவன் குழு, விபத்தில் நினைவிழந்து கிடந்த 23 வயதுப் பெண்ணிடம் "டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்" என்று சொல்ல, உடல்நலத்தோடு இருப்பவர்களைப் போலவே அவள் மூளை பதில் சொன்னது. 2024-இல் வெளிவந்த ஆய்வில், கட்டளைக்கு அசையாத 241 பேரில் 60 பேர் மூளையால் பதில் சொன்னார்கள். நாலில் ஒருவர். படுக்கையில் கிடப்பவர் முன்னால் அவரைப் பற்றி எதையும் பேசாதீர்கள், அவரிடம் பேசுங்கள்.

கேள்வி: "மூளை ஸ்கேன் செய்து மனச்சோர்வு, கவனக்குறைவைக் கண்டுபிடிக்கிறோம்" என்று பேக்கேஜ் விற்கிறார்கள். போகலாமா?

போக வேண்டாம். அந்தப் பணத்தை மனநல மருத்துவரைப் பார்க்க வையுங்கள்.

கேள்வி: அக்கா, எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) எழுதப் போகிறேன். இந்தத் துறையில் இனி என்ன வரும்?

தம்பி, உன் சீட்டைத்தான் முதலில் எடுத்தேன். 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. மூளைக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பை நம்பும்படி சொல்ல ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும் என்றது. அதுவரை வழக்கமான ஓர் ஆய்வில் இருபத்தைந்து பேர்தான். பிரிட்டனில் 1,00,000 பேரை ஸ்கேன் செய்து 2025-இல் முடித்தார்கள். இன்னொரு பக்கம் 0.064 டெஸ்லாவில், சாதாரணச் சுவர் பிளக்கில் ஓடும், தள்ளிக்கொண்டு போகக்கூடிய எம்.ஆர்.ஐ. 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் நோயாளியின் கட்டிலுக்கே வரும்.

என் மனக்குறை இதுதான். இந்தப் பெரிய தொகுப்புகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தினர். தோட்டத்தில் பிறந்து, ரப்பர் பால் வெட்டி, சர்க்கரை நோயோடு வாழும் நம் ஆட்களின் மூளை அதில் எத்தனை இருக்கும்? அவர்களை வைத்து எழுதிய "நார்மல்" நமக்கும் சரியா என்று யாராவது பார்க்க வேண்டும். இயற்பியல், கணக்கு, புள்ளியியல் மூன்றையும் விடாமல் படி. ஆய்வுக்குக் கூப்பிட்டால் போங்கள் என்று பெரியவர்களுக்கும் சொல். படம் யாரிடம் இருக்கும், தற்செயலாக நோய் தெரிந்தால் யார் சொல்வார்கள், பாதியில் விலகலாமா, இந்த மூன்றையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்.

கேள்வி: பாட்டிக்குக் குழாய்க்குள் போகப் பயம். சத்தமும் ஆகாது.

காதுக்கு அடைப்பு கொடுப்போம், கையில் ஒரு ரப்பர் பந்து இருக்கும், அழுத்தினால் உடனே நிறுத்துவோம். உடம்பில் இரும்பு இல்லாத ஒருவர் உள்ளே கூட நிற்கலாம். நீங்களே போய்ப் பாட்டியின் காலைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். நான் பலருக்கு அப்படி நின்றிருக்கிறேன். பாதி நேரத்தில் தூங்கிவிடுவார்கள்.