ஆடிப்பெருக்கை எங்கள் ஏரியில் கொண்டாடலாமா?

இந்த வாரக் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், ஏரிப் பராமரிப்பில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற நம் வாசகி ஒருவர்.

கேள்வி: ஆடிப்பெருக்கு அன்று கட்டுசாதம் எடுத்துக்கொண்டு எங்கள் ஏரிக்கரையில் கூடலாம் என்று சிலர் ஆசைப்படுகிறோம். ‘அது காவிரிக்காரர்கள் பண்டிகை, இங்கே ஆடியில் ஏரி வற்றியல்லவா கிடக்கும்’ என்கிறார்கள் மற்றவர்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, செம்பாக்கம்

பதில்: தாராளமாகக் கூடுங்கள். தண்ணீர் குறைந்திருப்பதுதான் நமக்கு வசதி. காவிரிக்கரையில் ஆடிப் பதினெட்டு என்றால் புது வெள்ளத்தை வரவேற்பது. நமக்கு வெள்ளம் ஐப்பசியில். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றால், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஆடிப்பெருக்கோ ஆகஸ்ட் முதல் வாரம். இடையில் இரண்டு மாதத்துக்கு மேல் கையில் இருக்கிறது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயில் எங்கே கட்டட இடிபாடு கிடக்கிறது, எந்தச் சிறுபாலம் அடைத்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க இதைவிட நல்ல நாள் கிடையாது.

அதனால் நேராகக் கரைக்குப் போய் உட்காராதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்து எல்லோருமாக நடந்து வாருங்கள். காலை ஆறரைக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் கரைக்கு வந்துவிடலாம். பிள்ளைகள் ஒரு பேப்பரில் கால்வாயை வரைந்துகொண்டே வரட்டும். அடைப்பு இருக்கும் இடத்தையெல்லாம் போட்டோ எடுத்து மாநகராட்சிக்கும் நீர்வளத்துறைக்கும் ஒரே மனுவாகக் கொடுங்கள். நூறு பேர் கையெழுத்தோடு செப்டம்பருக்குள் போகும் மனுவுக்கு மரியாதை தனி.

உங்கள் பக்கத்து ஏரிகள் தனித்தனியானவை அல்ல. ஒன்று நிரம்பினால் மிச்சத் தண்ணீர், அது வழிவதற்கென்றே கரையில் கட்டிய கலங்கல் வழியாக அடுத்ததற்குப் போகும். செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் பிறகு கடலுக்கும் போகும். 2022-ல் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததைக் கொண்டாடினோமே, அங்கே போய்ச் சேருவது உங்கள் தெருத் தண்ணீரும்தான். அதனால் கீழே இருக்கும் ஏரிக்காரர்களையும் கட்டாயம் கூப்பிடுங்கள். மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் முகம் பார்த்துப் பேசுவது பெரும்பாலும் வெள்ளம் வந்து சண்டை போடும்போதுதான். முன்னாலேயே ஒரு பிடி புளியோதரை சேர்ந்து சாப்பிட்டால் நல்லது.

கால்வாய் ஓரத்தில் குடியிருப்பவர்கள் வர யோசிப்பார்கள். ஏரிக் கூட்டம் என்றாலே வீட்டை இடிக்கத்தான் என்று அவர்களுக்குப் பயம். அவர்களிடம் முதலில் போய் அழையுங்கள். எந்த மழைக்கு எவ்வளவு தண்ணீர், எந்தப் பக்கம் திரும்பியது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு எங்கள் வரைபடத்தில்கூட இருந்ததில்லை. பூஜை செய்கிறவர்கள் செய்யட்டும். பூவும் காப்பரிசியும் போதும், பிளாஸ்டிக் கவரும் துணியும் வேண்டாம். பள்ளிவாசலுக்கும் சர்ச்சுக்கும் போய்ச் சொல்லுங்கள். நடை எல்லோருக்கும் பொது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கலங்கலின் மேல் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரை உயர்த்துவது, தெருவில் தண்ணீர் நிற்கிறதென்று கரையை வெட்டிவிடுவது, இரண்டையும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கரை எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கலங்கலின் உயரம் வைத்திருக்கிறார்கள்.

முன்பு ஆயக்கட்டு விவசாயிகளே, அதாவது ஏரித் தண்ணீரில் பாசனம் செய்தவர்களே வந்து கால்வாயில் தூர் எடுப்பார்கள். அதுதான் குடிமராமத்து. 1858-லேயே அதற்குச் சட்டம் போட்டார்கள். வயல் பிளாட் ஆனதும் அந்த ஆட்களும் போய்விட்டார்கள், மதகு மட்டும் நிற்கிறது. ஆனால் ஏரியில் தண்ணீர் நின்றால் ஊறுவது உங்கள் கிணற்றிலும் போர்வெல்லிலும்தானே! இன்றைய ஆயக்கட்டுக்காரர்கள் நீங்கள்தான்.

கேள்வி: மாதாமாதம் கூடி ஆகாயத்தாமரையை வாரிப் போடுகிறோம். திரும்பத் திரும்ப வருகிறதே?
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: அதற்குச் சாப்பாடு சாக்கடையிலிருந்து கிடைக்கிறது. கழிவுநீர்க் குழாய் எங்கே வந்து விழுகிறது என்று தேடி அதை நிறுத்த வையுங்கள், பாதி வேலை முடிந்தது. வாரிய செடியைக் கரையிலேயே குவிக்காமல் தள்ளிக் கொண்டுபோய் மக்க விடுங்கள். கரையில் கிடந்தால் மழையில் மறுபடி உள்ளே போய்விடும். விதை சேற்றில் பல வருஷம் காத்துக் கிடக்கும், அதனால் மறுபடி முளைத்தாலும் சோர்ந்துவிட வேண்டாம். கையுறையும் பூட்ஸும் இல்லாமல் யாரும் சாக்கடை கலந்த தண்ணீரில் இறங்கக் கூடாது.

கேள்வி: தி.நகரில் அபார்ட்மெண்டில் இருக்கிறேன். கூடிக் காப்பாற்ற எங்களுக்கு ஏரியும் இல்லை, குளமும் இல்லை.
– வாசகி, தி.நகர்

பதில்: அம்மா, நீங்கள் இருப்பதே ஏரியில்தான். மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவான பேட்டை அது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் கட்டடத்தில் மழைநீர்த் தொட்டி நிச்சயம் இருக்கும், 2003-லேயே கட்டாயம் ஆக்கினார்கள். ஆனால் பல இடங்களில் மூடியைத் திறந்தே வருஷக்கணக்காகியிருக்கும். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுக்காரர்களும் கீழே இறங்கி வாருங்கள். மொட்டைமாடியைக் கூட்டி, குழாய் நேராகத் தொட்டிக்குத்தான் போகிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தொட்டிக்குள் இருக்கும் ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்து அலசி, காயவைத்து மறுபடி போடுங்கள். பழைய கிணறு மூடிக் கிடந்தால் வடிகட்டிய மாடித் தண்ணீரை அதற்குள்ளும் விடலாம். அப்புறம் பக்கத்துக் கட்டடக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.