கேள்வி–பதில்: பேட்டன்ட் கிடைத்ததா, விண்ணப்பித்ததா?

(பதில் சொல்பவர் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வுபெற்றவர், தண்டையார்பேட்டைவாசி. கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வேலை செய்பவர்களின் சாதனைகள் பற்றி வந்த கடிதங்கள் இந்த இதழில்.)

கேள்வி: அம்மா, என் மகளை இன்ஜினியரிங் சேர்க்கப் போகிறோம். பார்க்கப் போன ஒரு கல்லூரியில் ஒரு கையேடு கொடுத்தார்கள். ஆசிரியர்களின் இந்த ஆண்டுச் சாதனைகள் என்று பேட்டன்ட், கட்டுரை, புத்தகம் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. என் கணவர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவர் யாரும் இல்லை. இதை எப்படிப் படிப்பது?
- ஒரு தாய், ராயபுரம்

பதில்: பேட்டன்ட்டிலிருந்து தொடங்குங்கள் அம்மா. நிறையப் பேர் குழம்புவது அங்கேதான். பேட்டன்ட் என்றால் புதுக் கண்டுபிடிப்புக்கு அரசு தரும் காப்புரிமை. ஒருவர் விண்ணப்பம் போட்டு 18 மாதம் ஆனதும் பேட்டன்ட் அலுவலகம் அதைத் தன் இதழில் வெளியிடும். தனிக் கட்டணம் கட்டினால் முன்கூட்டியே வெளியிடுவார்கள். அந்தக் கட்டத்தில் கண்டுபிடிப்பு புதியதா, உருப்படியானதா என்று யாரும் முடிவு சொல்லியிருக்க மாட்டார்கள். பரிசோதனைக்குத் தனியாக மனு போட வேண்டும். பரிசோதகர் ஆட்சேபம் எழுதுவார், அதற்குப் பதில் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் தாண்டினால்தான் பேட்டன்ட் வழங்கப்படும். வழங்கிவிட்டால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு உரிமை. ஆகவே ‘வெளியிடப்பட்டது’ என்று போட்டிருக்கிறதா, ‘வழங்கப்பட்டது’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டன்ட் அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டால் நிலை தெரியும், காசு கிடையாது. மகளையே தேடச் சொல்லுங்கள்.

டிசைன் பதிவு வேறு. அது பொருளின் வடிவத்துக்கும் தோற்றத்துக்கும் மட்டும் கிடைக்கும் பாதுகாப்பு. வெளிநாட்டில் செய்த டிசைன் பதிவைச் ‘சர்வதேச பேட்டன்ட்’ என்று அச்சடித்த கையேடுகளை நான் பார்த்திருக்கிறேன். பெற்றோருக்கு அப்படிச் சொல்வது தவறு. புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் இருக்கிறது என்று பெருமையாகப் போடுவார்கள். நம் நாட்டில் அந்த எண்ணை இலவசமாகவே தருகிறார்கள். எந்தப் பதிப்பாளர், எந்தப் புத்தகம் என்று அடையாளம் காட்டத்தான் அது, தரச் சான்று அல்ல.

இத்தனையும் பார்த்த பிறகு நேரில் ஒன்று கேளுங்கள்: இந்தப் பட்டியலில் இருப்பவர்களில் யார் முதலாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கிறார்? நல்ல கல்லூரி என்றால் பெயரைச் சொல்வார்கள்.

கேள்வி: நான் வேதியியல் கவுரவ விரிவுரையாளர். பணம் கட்டினால் கட்டுரையில் மூன்றாவது ஆசிரியராகவும், பேட்டன்ட் விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளராகவும் பெயர் சேர்ப்பதாக வாட்ஸ்அப்பில் தகவல் வருகிறது. கூட வேலை பார்ப்பவர்கள் சேர்ந்துவிட்டார்கள். நேர்முகத் தேர்வில் மதிப்பெண் கிடைக்குமாம். சேரலாமா?
- பெயர் வேண்டாம், கொருக்குப்பேட்டை

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் சம்பளம் எனக்குத் தெரியும், வருஷக்கணக்கான காத்திருப்பும் தெரியும். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். நாளைக்கு அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் மூன்றாவது பெயரும் சேர்ந்தேதான் நிற்கும். நேர்முகத் தேர்வில் ஒருவர் அந்தக் கட்டுரையைப் பற்றியோ கண்டுபிடிப்பைப் பற்றியோ ஒரே ஒரு கேள்வி கேட்டால் என்ன சொல்வீர்கள்?

நம்பகமான ஆய்வு இதழ்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் ஒரு பட்டியல் முறையை அறிவித்தது, 2025இல் அதைக் கைவிட்டது. இனி இதழை எடைபோடும் பொறுப்பு உங்களுக்கும் உங்கள் கல்லூரிக்கும்தான். ஆசிரியர் குழுவில் யார் இருக்கிறார்கள், நீங்கள் மதிக்கும் ஆய்வாளர்கள் அதில் எழுதுகிறார்களா, அனுப்பிய மூன்றாம் நாளே ‘ஏற்கப்பட்டது’ என்கிறார்களா என்று பாருங்கள்.

உங்கள் துறைக்கு வேலை பக்கத்திலேயே இருக்கிறது. எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படகிலும் வலையிலும் அப்பியது. ஒரு வருஷம், மாதம் தவறாமல், அதே இடங்களில் தண்ணீர் எடுத்து அளந்து எழுதுங்கள். பெரிய கருவி இல்லாவிட்டாலும் உப்புத்தன்மை, அமிலத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் இவற்றைக் கல்லூரி லேபிலேயே பார்க்கலாம். ஒரே கட்டுரைதான் வரும். அதைப் பற்றி யார் எந்தக் கேள்வி கேட்டாலும் உங்களால் பதில் சொல்ல முடியும்.

கேள்வி: நான் லேப் அசிஸ்டென்ட். கருவி பழுதானால் சரிசெய்வது, கரைசல் தயாரிப்பது, ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கை பழக்குவது எல்லாம் நான்தான். கல்லூரியின் சாதனைப் பட்டியலில் ஆசிரியரல்லாதோர் பெயர் ஒன்றுகூட வருவதில்லை. கேட்டால் தப்பா?
- வியாசர்பாடி வாசகர்

பதில்: கேளுங்கள் ஐயா. தப்பே இல்லை.

அமெரிக்காவில் விவியன் தாமஸ் என்று ஒருவர் இருந்தார். கறுப்பினத்தவர், தச்சு வேலை தெரிந்தவர். மருத்துவம் படிக்கச் சேர்த்த பணம் பொருளாதார வீழ்ச்சியில் போய்விட்டது. டாக்டர் ஆல்ஃபிரட் பிளாலக்கின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். இதயக் கோளாறால் உடம்பு நீலம் பாரித்த குழந்தைகளுக்கான அறுவை முறையை நாய்களிடம் செய்து செய்து சீராக்கியவர் அவர்தான். 1944 நவம்பர் 29 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் குழந்தைக்கு அறுவை நடந்தது. பிளாலக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, தாமஸ்தான் ஒவ்வொரு படியிலும் யோசனை சொன்னார். மறு ஆண்டு வந்த கட்டுரையில் பிளாலக், குழந்தைகள் இதய மருத்துவர் ஹெலன் டாசிக் இருவர் பெயர்தான். தாமஸ் பெயர் இல்லை. 1976இல்தான் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கவுரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இன்று பலர் அந்த அறுவையைத் தாமஸின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு மனிதரைக் காக்கவைத்தது பெரிய அநியாயம். இங்கே எந்த லேபிலும் அது நடக்கக் கூடாது.

கட்டுரை அச்சான பிறகு கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும். எழுதத் தொடங்கும்போதே பேராசிரியரிடம் பேசுங்கள். செய்முறையை வகுத்ததிலோ முடிவுகளை அலசியதிலோ உங்கள் பங்கு இருந்து, எழுத்திலும் கலந்துகொண்டால் ஆசிரியர் வரிசையிலேயே இடம் கேட்கலாம். மற்றபடி நன்றிப் பகுதியில் பெயரும், செய்த வேலையும் வர வேண்டும். ‘ஆய்வக ஊழியர்களுக்கு நன்றி’ என்று பொதுவாகப் போடுவது போதாது. ஆண்டறிக்கைக்கு விவரம் கேட்டுச் சுற்றறிக்கை வரும்போது நீங்களும் எழுதிக் கொடுங்கள்: எந்தக் கருவி, எத்தனை மாதம் கிடப்பில் கிடந்தது, எப்படிச் சரியானது, எத்தனை மாணவர்கள் அதில் வேலை செய்தார்கள்.

முதல்வர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஐந்து நூலக விதிகளை 1931இல் நூலாக்கினார். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் கோலன் பகுப்புமுறையை 1933இல் வெளியிட்டார். உலகமெங்கும் நூலகத் துறை மாணவர்கள் அவரைப் படிக்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் பெரிய சாதனை வகுப்பறைக்கு வெளியே, நூலக மேசையிலிருந்தும் வரும். பட்டியலில் அதற்கும் இடம் விடுங்கள்.

கேள்வி: இந்தச் சாதனைகளால் நம்ம பக்கத்து ஜனங்களுக்கு எப்போதாவது ஏதாவது கிடைத்திருக்கிறதா?
- காசிமேடு வாசகர்

பதில்: கிடைத்திருக்கிறது. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் கை அறுவை சிகிச்சைப் பிரிவைப் பாருங்கள். டாக்டர் ஆர். வெங்கடசுவாமி தொடங்கி வளர்த்தது. பிரஸ் மெஷினில் விரல் போனவர், விசைப்படகு வின்ச்சில் கை சிக்கியவர் என்று வருபவர்களுக்கு, அந்தக் கையால் திரும்ப வேலை செய்ய முடியுமா என்பதுதான் வாழ்க்கை. அந்தப் பிரிவில் பயின்ற மருத்துவர்கள் மற்ற ஊர்களுக்கும் அந்தத் திறமையைக் கொண்டுபோயிருக்கிறார்கள். சாதனைப் பட்டியல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வார்டுதான்.

மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1989இல் வந்தது. கொல்லைப்புறத்தில் வளர்க்கத் தோதான ‘நந்தனம்’ கோழி ரகங்கள் அதன் கோழி ஆராய்ச்சி நிலையம் கொடுத்தவை. உங்கள் வீட்டில் கோழி வளர்க்கும் எண்ணம் இருந்தால் மாதவரம் போய் விசாரியுங்கள். பயிற்சியும் கொடுக்கிறார்கள்.