சர்க்கஸிலிருந்து வந்த நிறம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோடை விடுமுறையில் மகனோடு உட்கார்ந்து பழைய பேட்மேன் படங்களை வரிசையாகப் பார்த்தேன். டிம் பர்ட்டன் இயக்கிய முதல் இரண்டும் (1989, 1992) என்னை உலுக்கிவிட்டன. இருட்டு, பனி, தனிமை. மூன்றாவதாக ‘பேட்மேன் ஃபாரெவர்’ (1995) போட்டதும் திகைத்துப்போனேன். எங்கு பார்த்தாலும் நியான் விளக்கு, ஜிம் கேரியின் சேட்டை. காசுக்காக ஒரு நல்ல தொடரைக் கெடுத்துவிட்டார்கள் என்றே தோன்றியது. ஆனால் பத்து வயது மகனுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. “அந்த அண்ணன் ஏன் வில்லனை மேலே தூக்கிவிட்டான்?” என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நீங்கள் இந்தப் படத்தை எப்படிப் பார்க்கிறீர்கள்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

காசு ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் படம் உலகெங்கும் 41 கோடி டாலர் வசூலித்தது. இரண்டாவதான ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ 26 கோடியைச் சற்றுத் தாண்டியதோடு நின்றது. அதைவிடப் பெரிய தலைவலி பெற்றோர்களின் கோபம். அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் கடைகளில் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியோடு அந்தப் படத்தின் பொம்மைகளைக் கொடுத்தார்கள். படத்திலோ, பெற்றவர்களே கைக்குழந்தையை கிறிஸ்துமஸ் சமயத்தில் தண்ணீரில் தள்ளிவிடுகிறார்கள். அந்தக் குழந்தை பெங்குவின் என்ற வில்லனாக வளர்ந்து, பச்சை மீனைக் கடித்துக்கொண்டு, வாயில் கருப்பாக ஏதோ வழிய நிற்கிறது. பொம்மையை நம்பிப் பிள்ளையைத் தியேட்டருக்குக் கூட்டிப்போன அம்மா அப்பாவுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? வார்னர் பிரதர்ஸ் பர்ட்டனைத் தயாரிப்பாளர் பொறுப்புக்கு நகர்த்திவிட்டு ஜோயல் ஷூமாக்கரிடம் இயக்கத்தைக் கொடுத்தது. மைக்கேல் கீட்டன் விலகினார், வால் கில்மர் வந்தார்.

சரி, நோக்கம் வியாபாரம்தான். ஆனால் அதை மட்டும் வைத்துப் படத்தை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

1939இல் பாப் கேனும் பில் ஃபிங்கரும் பேட்மேனைப் படைத்தபோது அவன் கையில் துப்பாக்கி இருந்த கதைகள் உண்டு, கொலையும் செய்தான். மறுவருடமே, 1940இல், ராபின் வந்துவிட்டான். சர்க்கஸில் பெற்றோரைப் பறிகொடுத்த சிறுவன். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக உடுத்தியவன். ஆக, ‘ஃபாரெவர்’ வந்தபோதே பேட்மேன் கதைக்குள் நிறம் நுழைந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பர்ட்டன் தன் இரண்டு படங்களிலும் ராபினைச் சேர்க்கவில்லை. ஷூமாக்கர் அவனைத் திரும்ப அழைத்து வந்தார்.

‘ரிட்டர்ன்ஸ்’, ‘ஃபாரெவர்’ இரண்டிலும் சர்க்கஸ் வருகிறது, கவனித்தீர்களா? ‘ரிட்டர்ன்ஸ்’ படத்தில் சர்க்கஸ்காரர்கள் பெங்குவினின் அடியாட்கள். அவர்களில் ஒருவனின் உடம்பில் வெடிகுண்டைக் கட்டிவிட்டுப் பேட்மேன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. ‘ஃபாரெவர்’ படத்தில் வருவது ‘பறக்கும் கிரேசன்கள்’ என்ற ஊஞ்சல் வித்தைக் குடும்பம். சர்க்கஸ் அரங்கில் டூ-ஃபேஸ் என்ற வில்லன் குண்டு வைத்து மிரட்டும்போது ஜனங்களைக் காப்பாற்ற உயரத்தில் ஏறுகிறவர்கள் அவர்கள்தான். இளையவன் டிக், பின்னால் ராபினாகப் போகிறவன், குண்டைக் கூரை வழியாகத் தள்ளி ஆற்றில் விழவைத்துவிட்டுத் திரும்பிக் கீழே பார்க்கிறான். அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் தரையில் கிடக்கிறார்கள். படத்தின் அத்தனை விளக்குகளுக்கும் நடுவில் வைத்த காட்சி இது. முந்தைய படங்களின் எந்த இருட்டும் என்னை இவ்வளவு பாதித்ததில்லை.

அப்புறம் புரூஸ் வெய்ன், அதாவது முகமூடி கழற்றிய பேட்மேன், அந்தப் பையனிடம் பேசுவது. டூ-ஃபேஸைக் கொன்றால் உன் வலி அவனோடு சாகாது, வளரும். இன்னொரு முகத்தைத் தேடி இருட்டுக்குள் ஓடுவாய், பிறகு இன்னொன்றை. கடைசியில் ஒருநாள் விழித்துப் பார்த்தால் பழிவாங்குவதே உன் வாழ்க்கையாகியிருக்கும், ஏன் என்றும் தெரியாது என்ற பொருளில் சொல்கிறான். வேறு நடிகர், வேறு இயக்குநர்தான். ஆனாலும் முதல் இரண்டு படங்களின் தொடர்ச்சியாகவே பார்த்தால், முதல் படத்தின் வில்லன் ஜோக்கரைச் சாகவிட்டவன், அடியாளைக் கொன்று சிரித்தவன், முதல்முறையாகத் தன்னையே திரும்பிப் பார்க்கும் இடம் இது. பர்ட்டனின் பேட்மேனுக்கு, இப்படிச் சொன்னால் கேட்க வீட்டில் ஒரு பையன் இல்லை. கில்மர் இந்த வசனத்தைக் குரலை உயர்த்தாமல் சொல்வார். அவர் போனபின் (2025 ஏப்ரல்) நான் மறுபடி போட்டுப் பார்த்ததும் இந்தக் காட்சியைத்தான்.

குறைகள் இருக்கின்றன, மறைக்கப்போவதில்லை. ஹார்வி டென்ட் (டூ-ஃபேஸின் நிஜப்பெயர்) போன்ற பாத்திரத்தை டாமி லீ ஜோன்ஸ் போன்ற நடிகரிடம் கொடுத்துவிட்டு, ஜிம் கேரியோடு சிரிப்பில் போட்டிபோட வைத்தது பெரும் இழப்பு. டூ-ஃபேஸுக்கு நாணயம் சொன்னதுதான் தீர்ப்பு. இந்தப் படத்திலோ ஓரிடத்தில் தனக்குப் பிடித்த பக்கம் விழும்வரை சுண்டிக்கொண்டே இருக்கிறான். அங்கே அந்தப் பாத்திரம் செத்துவிட்டது.

படம் 33 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததும் ஸ்டூடியோ கற்றுக்கொண்ட பாடம்தான் தப்பு. ஓடியதற்குக் காரணம் விளக்கும் விளையாட்டும் மட்டுமே என்று நினைத்து 1997இல் ‘பேட்மேன் & ராபின்’ எடுத்தார்கள். பொம்மை விற்பதற்கு வசதியாக வண்டிகளும் உடைகளும் பெருகின, டிக் கிரேசனின் துக்கம் காணாமல் போனது. ஷூமாக்கரே பின்னாளில் அதற்காக ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த படம் வர எட்டு வருடம் பிடித்தது. நீங்கள் கோபப்பட வேண்டிய படம் அதுதான்.

உங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன். டூ-ஃபேஸ் விளிம்பில் தொங்குகிறான். ராபின் கையை விட்டால் போதும், அப்பா அம்மா அண்ணனுக்குக் கணக்குத் தீர்ந்துவிடும். அவன் தூக்கிவிடுகிறான், செத்துப்போவதைவிட நீ ஜெயிலில் இருப்பதே மேல் என்று. அதற்குப் பலனாக அடுத்த நொடியே நெற்றியில் துப்பாக்கி வைக்கப்படுகிறது. கொஞ்ச நேரம் கழித்து, நாணயங்களை வீசி டூ-ஃபேஸைத் தடுமாறவைத்து விழச்செய்கிறவன் யார் என்று பாருங்கள். அந்த அறிவுரையைச் சொன்ன பேட்மேன்தான். சொன்னவனால் முடியாததைக் கேட்டவன் செய்தான். இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து மகனுக்குப் போட்டுக்காட்டுங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.